நிலவுரிமைக்காக உழைத்த 91 வயது ஊழியருக்கு மரியாதை: விழா, விருது, ஆவணம் – எது முதலில்?

கடைமடை (இழையைத் தொடங்கியவர்)

நாகை, திருவாரூர்ப் பக்கம் நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தரும் வேலையிலேயே காலம் கழித்த சர்வோதய ஊழியர் ஒருவர் இருக்கிறார். பெண்மணி, வயது 91. காது மந்தம், நடை தள்ளாட்டம், நினைவு மட்டும் தெளிவு. குழுவில் எட்டுப் பேர். 3 லட்சம் வரை திரட்ட முடியும். மண்டபம் பிடித்து விழாவும் பணமுடிப்பும், பத்ம விருதுக்குப் பரிந்துரை, வாழ்க்கை வரலாற்று நூல் என்று மூன்று யோசனைகள் உள்ளன. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவுக்குக் கிடைத்த அங்கீகாரத்தை முன்மாதிரியாக வைத்திருக்கிறோம். எந்த வரிசையில் போகலாம், எங்கே இடறும்? கதை வேண்டாம், நடைமுறை போதும்.

---

பதிவறை

மூன்றுக்கும் முன்னால் நான்காவதாக ஒன்று இருக்கிறது: வேலையின் பதிவேடு. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், யார் பெயரில் பத்திரம், நிலம் இன்று யார் கையில். இந்த ஆறும் ஒரு தாளில் வராமல் விழா நடத்தினால் பேச்சாளர் எல்லாரும் “தன்னலமற்ற தொண்டு” என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். கேட்டவர்களுக்கு ஒன்றும் தங்காது.

கிருஷ்ணம்மாள் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் பிறந்தவர். நிலம் உள்ளவர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கிய வினோபாவின் பூதான இயக்கத்தில் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு நடந்தவர். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு இருவரும் கீழத்தஞ்சையை வேலைக்களமாக்கிக்கொண்டார்கள். 1981இல் ‘உழுபவருக்கே நிலம்’ என்ற நோக்கத்தோடு அவர்களுடைய லாஃப்டி அமைப்பு தொடங்கியது. அங்கே நடந்தது வெறும் போராட்டம் மட்டுமல்ல. நிலக்காரரையும் நிலமற்றவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து விலை பேசுவது, வங்கிக் கடன் வாங்குவது, விளைச்சலிலிருந்து கடனைக் கட்டுவது என்ற முறை அது. ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடிவதால்தான் 2008இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதுக் குழு அந்தப் பெயர்களைப் பார்த்தது. முறை ஒன்று, எண்ணிக்கை ஒன்று. அடைமொழி கணக்கில் வராது.

---

நிலக்கணக்கு

பதிவறை சொன்ன தாளைத் தயாரிக்கும்போது டெல்டாவில் வரும் குழப்பங்கள்:

அளவை. பெரியவர்கள் வேலி, மா, குழியில்தான் சொல்வார்கள். 100 குழி 1 மா, 20 மா 1 வேலி. 1 மா ஏறத்தாழ 33 சென்ட், 1 வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். அவர் சொன்னதை அப்படியே ஒரு பத்தியில் எழுதி, அடுத்த பத்தியில் ஏக்கரில் மாற்றுங்கள். முதல் பத்தியை அழிக்கவே கூடாது. மாற்றியதில் தவறு வந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் இருக்கும்.

மாவட்டம். 1991க்கு முந்தைய தாள் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம். அந்த ஆண்டு நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. தாலுகா எல்லையும் மாறியிருக்கும். பழைய பத்திரம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்பதைப் பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் பார்த்து எழுதிக்கொண்டால் வில்லங்கச் சான்று போடும்போது அலைச்சல் மிச்சம்.

புல எண். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண்கள் மாறின. பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ஒப்பிடலாம்.

இன்னொன்று: “வாங்கிக் கொடுத்தது”, “உச்சவரம்பில் மீட்டது”, “பூதானத்தில் வந்தது” மூன்றையும் ஒரே கூட்டுத்தொகையாக்காதீர்கள். உச்சவரம்பு (ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் எல்லை) 1961 சட்டத்தில் 30 தர ஏக்கராக இருந்து 1970இல் 15ஆகக் குறைந்தது. அதன்படி வந்த நிலம் அரசு ஒப்படை, அதாவது அரசே ஒதுக்கித் தந்தது. பூதான நிலத்துக்குத் தனி வாரியம். ஒவ்வொன்றுக்கும் தாள் வேறு. கலந்து போட்டால் சரிபார்க்க வருகிறவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

---

மேடைக்காரர்

எல்லாம் சரி ஐயா. 91 வயதில் ஒருவருக்கு அ-பதிவேடு ஒப்பிட்டு முடித்த பிறகுதான் மாலை என்றால் எப்படி? நல்ல வார்த்தை காதில் விழும்போது அவர் இருக்க வேண்டாமா? விழாவை இரண்டு மாதத்துக்குள் வையுங்கள், சின்னதாக வையுங்கள். ஆவணம் அதன் பாட்டுக்கு ஓடட்டும்.

சின்னது என்றால்:

மேடையே வேண்டாம். 2 அடி மேடைக்குச் சரியான சாய்தளம் போட்டால் 24 அடி நீளம் வேண்டும் (உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு). எந்தப் பந்தல்காரரும் அவ்வளவு போடமாட்டார். 8 அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு “பிடிச்சு ஏத்திக்கலாம்” என்பார். தரையிலேயே கைப்பிடி நாற்காலி போட்டு, மூன்று பக்கமும் ஜனங்கள் உட்காரட்டும்.

சால்வைதான் நேரத்தைத் தின்பது. 60 பேர் ஆளுக்கு அரை நிமிடம் என்றால் அரைமணி போயிற்று. பெரியவர் தோளில் சுமையும் புழுக்கமும். அழைப்பிதழிலேயே “சால்வை, மாலை தவிர்க்கவும், ஊர் நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொண்டு வரலாம்” என்று அச்சிடுங்கள். இருந்தும் கொண்டு வருவார்கள். வாசலில் மேசை போட்டு, வாங்கிக்கொண்டு பெயர் எழுத ஓர் ஆள். சர்வோதயக்காரர் என்பதால் குழுவின் சார்பில் ஒரே ஒரு கதர் நூல் மாலை. எடையும் இல்லை, அவர் வழியும் அதுதான். மூன்று கிலோ ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டுப் புகைப்படத்துக்காக நிற்கவைப்பது மரியாதையில் சேராது.

மொத்தம் 75 நிமிடம். பேச்சாளர் நால்வர், ஆளுக்கு 5 நிமிடம், அதில் மூவர் நிலம் பெற்ற குடும்பத்தார். அமைச்சர், எம்.எல்.ஏ. வருவதாக இருந்தால் வரும்போது வரட்டும், குறித்த நேரத்தில் தொடங்கிவிடுங்கள். காத்திருந்தால் பெரியவர் இரண்டு மணி நேரம் வெறும் நாற்காலியில்.

---

செவிலி_ம

மேடைக்காரர் அண்ணன் சொன்னதோடு உடம்பு விஷயம் சில:

• நேரம் காலை 10 முதல் 11:30. மாலையில் களைப்பு கூடும், சிலருக்குக் குழப்பமும் வரும்.
• இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் போக்கும் மருந்து சேர்ந்திருந்தால், விழா நாளில் “அடிக்கடி எழ வேண்டியிருக்குமே” என்று மாத்திரையையும் தண்ணீரையும் தவிர்ப்பார்கள். மயக்கத்தில் முடியும். கழிப்பறை 20, 25 அடிக்குள், மேற்கத்திய கோப்பை, பக்கத்தில் பிடிமானம். இது உறுதியானால் தண்ணீர் குடிக்கச் சம்மதிப்பார்.
• ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழக் கூடாது. காலை அசைத்து, நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, ஒரு நிமிடம் விட்டு எழ வேண்டும். “அம்மா எழுந்து நன்றி சொல்வார்” என்று ஒலிபெருக்கியில் அவசரப்படுத்தும் தொகுப்பாளருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.
• ஒலிபெருக்கிப் பெட்டி அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. காது கேட்கும் பக்கத்தில் பழகிய குரலுள்ள ஒருவர் உட்கார்ந்து, பேசப்படுவதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவரைப் பற்றிய விழாவில் அவர் ஒருவருக்குத்தான் ஒன்றும் கேட்காது.
• சளி, காய்ச்சல் உள்ளவர் கிட்டே வரக் கூடாது. காலில் விழுவது வேண்டாம். குனிந்து தூக்கப் போய் அவர் நிலைகுலைவார்.

---

மனுநடை

பத்ம விருது பற்றி.

யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே பரிந்துரைக்கவும் தடை இல்லை. உள்துறை அமைச்சகத்தின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் மட்டும்தான் ஏற்பார்கள். கடைசி நாளைப் பாருங்கள்: 2025 விருதுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 15 வரை இருந்தது, 2026 விருதுக்கு முதலில் ஜூலை 31 என்றே அறிவித்தார்கள். பழைய தேதியை நம்பியிருந்தால் ஓராண்டு போய்விடும். 91 வயதில் அது பெரிய இழப்பு. மறைந்தவர்களுக்குச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை, மிக விலக்கான நேர்வில் மட்டும்.

பாராட்டுரைக்கு 800 சொல் எல்லை. இதில்தான் பெரும்பாலான மனு கெடுகிறது. ஐந்நூறு சொல் பிறப்பு, பெற்றோர், பள்ளி, காந்தியைப் பார்த்தது. மீதியில் வாங்கிய கேடயங்கள். வேலை எங்கே? எனக்குச் சரியென்று படுவது: முதல் 100 சொல்லில் என்ன வேலை, எந்த ஊர்கள், எந்த ஆண்டு முதல், எத்தனை குடும்பம். அடுத்த 400இல் எப்படிச் செய்தார், எதிர்ப்பு என்ன, நிலம் வந்த பிறகு சாகுபடி நடந்ததா. அடுத்த 200இல் இன்று நிற்பது எது. வாழ்க்கைக் குறிப்புக்கு மிச்சம் 100 போதும். ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம் என்பதால் மா, வேலியை ஏக்கராக்கிவிடுங்கள்.

பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி. கிராமத்துப் பெரியவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று ஏதோ ஒன்று இருக்கும். மனுவில் ஒன்று, அழைப்பிதழில் ஒன்று, நூலில் ஒன்று என்று போகக் கூடாது.

வந்த பெயர்களை அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு பார்க்கும். பிரதமர், குடியரசுத் தலைவருக்குப் போகும். ஜனவரி 25 மாலையில் பட்டியல் வரும். ஓராண்டில் மொத்தம் 120க்கு மேல் இல்லை (மறைந்தவர், வெளிநாட்டவர் நீங்கலாக). கிடைக்கும் என்று பெரியவரிடம் சொல்லி ஆசை காட்டாதீர்கள். கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கு 1989இல் பத்மஸ்ரீ, பத்மபூஷண் வந்தது 2020இல். இடையே 31 ஆண்டு.

கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ “பத்மஸ்ரீ” போடக் கூடாது. பாலாஜி ராகவன் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, மீறினால் விருது பறிபோகலாம். பதாகை அடிக்கிறவர்தான் முதலில் மீறுகிறார். வாழ்க்கைக் குறிப்பில் “இந்த ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார்” என்று வாக்கியமாக எழுதுவது வேறு.

மாநில அளவில் பெண்களுக்கு ஔவையார் விருது உண்டு, மகளிர் தினத்தில் கொடுப்பார்கள். மாநில அரசின் விருதுகள் தளத்தில் விண்ணப்பம். அதையும் போட்டுவையுங்கள்.

---

தென்றல்_67

மேற்கோள் – கடைமடை: பத்ம விருதுக்குப் பரிந்துரை

அவரிடம் கேட்டீர்களா? பரிந்துரைக்கு அவருடைய கையெழுத்து தேவையில்லை என்பதாலேயே பலர் கேட்பதில்லை. 2022இல் மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா பத்மபூஷணை மறுத்தார், ஊரெல்லாம் விவாதம். பொதுவாழ்வில் இருந்தவர்களுக்கு அரசிடம் பெறுவது பற்றி உறுதியான கருத்து இருக்கும்.

பணமுடிப்பும் அப்படித்தான். தமிழ்நாடு அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சத்தை 2021இல் கம்யூனிஸ்ட் தலைவர் சங்கரய்யா கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்தார். 2022இல் நல்லகண்ணு அதோடு தன் பணம் 5,000 சேர்த்து முதல்வர் நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்தார். இப்படிப்பட்டவருக்குப் பணமுடிப்பு கொடுத்தால் அடுத்த நிமிடமே அது வேறு கைக்குப் போகும். பெருமைதான், ஆனால் அவருக்கு மருந்துச் செலவுக்கு யார் கொடுப்பது? அதைத் தனியாக, மேடையில் சொல்லாமல் செய்யுங்கள். பல் கட்டுவது, காதுக் கருவி, கண்புரை, இரவில் ஒரு துணையாள் சம்பளம். இதுவும் மரியாதைதான்.

---

வரவுசெலவு

பணம் என்று வந்ததால்:

உறவினர் அல்லாதவரிடம் ஓராண்டில் மொத்தம் 50,000க்கு மேல் அன்பளிப்பு வந்தால் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கொள்ளப்படும். மற்ற வருமானம் சொற்பம் என்றால் வரி வராமலே போகலாம், கணக்கு மட்டும் காட்ட வேண்டும். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கூடாது. வங்கி வழியே அனுப்பி, மேடையில் வாழ்த்து மடல் மட்டும் கொடுங்கள். தட்டில் நோட்டுக்கட்டு வைத்துக் கொடுப்பதைப் பார்க்கிற திருடனும் கூட்டத்தில்தான் இருப்பான்.

நன்கொடையாளர் வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கேட்டால் அது பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும். தனியாளுக்குக் கொடுத்ததற்குக் கிடையாது. 2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கழிவு இல்லை.

வெளிநாட்டுத் தமிழர் அனுப்புவதாகச் சொன்னால் கவனம். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, பிரிட்டன் குடியுரிமை வாங்கியவர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் ஆகும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். பதிவு இல்லாத அறக்கட்டளை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

“அவர் பெயரில் ஆண்டுதோறும் ஐந்து மாணவருக்கு உதவித்தொகை” என்று மேடையில் அறிவிக்கும் முன் கணக்குப் போடுங்கள். 2 லட்சம் வைப்பு, 7 விழுக்காடு, ஆண்டுக்கு 14,000. ஒரு மாணவருக்குத்தான் காணும்.

---

ஒலிவாங்கி

நூல் எழுதும் முன் குரலைப் பிடியுங்கள். நூலை யாரும் எப்போதும் எழுதலாம்.

ஒரு அமர்வு 40 நிமிடம், காலை உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி, மோவாய்க்கு ஒரு சாண் கீழே. சேலைத் தலைப்பு உரசாத பக்கம். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்பெட்டி வேறு அறையில் ஓடினாலும் இரைச்சல் வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு: ஒற்றைத் தடம் மணிக்கு 500 மெகாபைட்டுக்குச் சற்று மேல். கைபேசி வாட்ஸ்ஆப் குரல் பதிவில் எடுத்தால் சுருங்கிப்போகும், பிறகு துப்புரவாக்க முடியாது. கைபேசியை இரண்டாவது பாதுகாப்புக்கு ஓடவிடுங்கள், அவ்வளவுதான். அன்றைக்கே மூன்று பிரதி, ஒன்று வேறு ஊரில்.

“எந்த ஆண்டு?” என்று கேட்காதீர்கள், தப்பான ஆண்டு வரும், அதன் பிறகு அதையே உறுதியாகச் சொல்வார். “52 புயலுக்கு முன்னாலா? வெண்மணிக்குப் பிறகா? 77 புயலில் அந்தக் குடிசை இருந்ததா? சுனாமியின்போது?” என்று கேளுங்கள். நாகைப் பக்கத்தில் 1952 நவம்பர், 1977 நவம்பர், 2004 டிசம்பர் மூன்றும் எல்லார் நினைவிலும் நிற்கிற கம்பங்கள்.

சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் வாங்குங்கள். யார் நிலத்தை யார் அபகரித்தார் என்று பெயரோடு சொல்வார்; அந்தப் பகுதியை இத்தனை ஆண்டு வெளியிட வேண்டாம் என்று அவரே முடிவு செய்ய இடம் கொடுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் பிடிக்கும். எட்டுப் பேர் என்றால் இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள்.

---

பதிவறை

மேடைக்காரரோடு பாதி உடன்படுகிறேன்: விழா காத்திருக்க வேண்டாம். ஆனால் மனு காத்திருக்கத்தான் வேண்டும். சரிபார்க்காத மனு எப்படிக் கெடும் என்பதற்கு ஜெகந்நாதன் ஐயா இறால் பண்ணைகளுக்கு எதிராகப் போட்ட வழக்கே பாடம். 1996 டிசம்பர் 11 தீர்ப்பில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை வைத்து “இறால் பண்ணைகளை ஒழித்தவர்” என்று வாழ்த்து மடல்களில் அச்சிடுகிறார்கள். ஒழியவில்லை. தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது, 2005இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகள் இன்றும் கடற்கரையில் இருக்கின்றன. “வழக்காடித் தீர்ப்புப் பெற்றார்” என்று எழுதினால் அது அசைக்க முடியாத உண்மை, பெருமையும் குறையாது.

அதே வழக்கில் மனுதாரர் ஜெகந்நாதன். கிருஷ்ணம்மாள் அம்மா களத்தில் நின்றவர். இணையராக உழைத்தவர்களில் ஒருவர் வேலையை இன்னொருவர் கணக்கில் ஏற்றுவது நம் பாராட்டுரைகளின் தீராத நோய். பெரும்பாலும் பெண்ணின் வேலை ஆண் கணக்கில் போகும். உங்கள் பெரியவரோடு உழைத்தவர்கள் பெயரையும் பதிவேட்டில் தனிப் பத்தியாக வையுங்கள். மேடையில் அவரைப் புகழும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய தோழர் முகம் வாடினால், பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பதிவேடு தயாரானதும் அந்தந்த ஊரில் நிலம் பெற்ற பெண்கள் முன்னால் சத்தமாக வாசியுங்கள். அவர்கள் திருத்துவார்கள். இணையத்தில் ஏற்றும் பிரதியில் குடும்பத்தார் பெயரும் புல எண்ணும் வேண்டாம். நிலத் தரகர்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

---

கடைமடை

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய வரிசை: இந்த வாரமே அவரிடம் விருது, பணம் இரண்டையும் கேட்பது. அடுத்த வாரம் முதல் ஒலிப்பதிவு. எட்டாவது வாரம் தரையில் 75 நிமிட விழா, அவர் வேலை செய்த ஊர் ஒன்றிலேயே. பதிவேடு பாதியாவது முடிந்த பிறகு மனு. 3 லட்சத்தில் விழாவுக்கு 40,000, பதிவுக்கும் ஆவணத்துக்கும் 60,000, மீதி 2 லட்சம் மருந்து, துணையாள்.

ஒரு சந்தேகம். அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதம், துண்டறிக்கை, புகைப்படம். குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார். படங்களின் பின்னால் பெயர் எழுதலாமா?

---

பதிவறை

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது, உள்ளே தாள் மஞ்சளித்துக்கொண்டே இருக்கும். செலோடேப்பும் அப்படித்தான். துருப்பிடித்த குண்டூசி, கிளிப்பைத் தாளைத் தூக்காமல் மெதுவாக நெகிழ்த்தி எடுங்கள். பெட்டியில் இருந்த அடுக்கு வரிசையைக் கலைக்கும் முன் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டையும் படம் பிடித்து எண் போடுங்கள். எந்தக் கடிதம் எந்தத் துண்டறிக்கையோடு இருந்தது என்பதே ஒரு தகவல். எழுத்துத் தாளுக்கு 300 டிபிஐ, படத்துக்கு 600.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில், ஓரமாக, அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் முன்பக்கம் தடம் பதியும். எண்பதுகளுக்குப் பிந்தைய வழவழப்பான வண்ணப் படத்தில் பென்சில் ஒட்டாது. தனித்தனிக் காகித உறையில் போட்டு, படத்தை உள்ளே வைக்கும் முன் உறைமேல் எழுதிவிடுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், நிகழ்வு. அடையாளம் தெரியாதவருக்குக் கேள்விக்குறி போட்டு அடுத்த ஒலிப்பதிவு அமர்வுக்கு எடுத்துப் போங்கள்.